நான்கு அடுக்குக் கரியர்: திருகோணமலையில் ஒரு வாரச் சாப்பாட்டுச் சேவை

திருகோணமலை நகருக்குள் வீடுவீடாக மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் ஒரு சேவையை, ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் நானும் மனைவியும் எடுத்துப் பார்த்தோம். அது உணவகம் அன்று. பெயர்ப்பலகையோ விலைப்பட்டியலோ அங்கே கிடையாது. ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு பெண்மணி இரண்டு உதவியாட்களுடன் சமைக்கிறார். அவருடைய மருமகன் மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பெட்டி கட்டி, ஏறக்குறைய முப்பது வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அயலில் அவரைக் 'கரியர் அக்கா' என்றே அறிவார்கள். அவரைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் மூத்தவனான நானும் முதல் நாள் தொலைபேசியில் அக்கா என்றே அழைத்துவிட்டேன்; அவரும் மறுக்கவில்லை.

அந்த முப்பது வீடுகளில் பெரும்பாலானவை எங்கள் வீட்டைப் போன்றவைதாம். பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, கணவனும் மனைவியும் ஓய்வூதியத்தில் வாழும் வீடுகள். அல்லது இருவரில் ஒருவர் போய், மற்றவர் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகள். நான் தபால் திணைக்களத்தில் 34 ஆண்டுகள் வேலை செய்து தபாலதிபராக ஓய்வு பெற்றவன். மனைவி கணித ஆசிரியை. வேலைக்குப் போன காலத்திலும் ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் வீட்டு அடுப்பை மூட்டியவர் அவர்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சில மாதங்களாக அவருக்கு வலது தோள்மூட்டில் வலி. திருவலையில் தேங்காய் துருவுவதையும், பானையைத் தூக்கிக் கஞ்சி வடிப்பதையும் சிறிது காலம் நிறுத்துமாறு மருத்துவர் சொன்னார். அதைக் கேட்ட மகள், கனடாவிலிருந்து இரவில் அழைத்து, "அப்பா, ஒரு கிழமைக்காவது சாப்பாட்டை வெளியில எடுங்கோ" என்று சொல்லி, ஆறு நாளுக்கான காசையும் தானே அனுப்பிவிட்டாள். ஆகவே காசு கொடுத்தவள் அவள், சாப்பிட்டவர்கள் நாங்கள் என்பதையும் இந்த மதிப்பீட்டை வாசிப்பவர்கள் கருத்தில் கொள்ளலாம்.

விலை இதுதான். மரக்கறிச் சாப்பாடு ஒருவருக்கு 350 ரூபாய். மீனுடன் என்றால் 450 ரூபாய். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். ஞாயிறு அடுப்பு மூட்டுவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை என்பதால், இருவருக்கும் ஆறு நாளுக்கு 5,000 ரூபாய் ஆயிற்று. ஒரு வாரக் காசை முற்பணமாகக் கொடுக்க வேண்டும். நகருக்குள் கொண்டுவந்து கொடுப்பதற்குத் தனிக் கூலி இல்லை.

சாப்பாடு பார்சலாக வராது. வாடிக்கையாளர் தமது கரியர்கள் இரண்டைக் கொடுக்க வேண்டும். இன்று ஒன்று நிறைந்து வரும்போது நேற்றையது கழுவிப் போகும். எங்கள் கலியாணத்துக்கு வந்த எவர்சில்வர் நான்கடுக்குக் கரியர் ஒன்று அலுமாரியின் மேல் இருந்தது. மற்றொன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம். இரண்டு மூடிகளிலும் சிவப்பு நகப்பூச்சால் 17 என்று எழுதப்பட்டது. அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டுக் குசினியில் எங்கள் பெயர் பதினேழு.

இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காலையில் ஐந்தரை மணிக்கு டச்சுக் குடாக் கடற்கரையில் நடக்கப் போகிறவன் நான். கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிவது எங்கள் ஊரின் பெருமை. வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள். ஆனால் விடியற்காலையில் அவை குப்பை வாளிக்குள் தலையை விட்டு, சோறு ஒட்டியிருக்கும் பொலித்தீன் தாளை மெல்லுவதையே நான் அடிக்கடி பார்க்கிறேன். பொலித்தீன் சாப்பாட்டுத் தாள்களுக்கு 2017 செப்டெம்பரில் நாட்டில் தடை வந்தது. தடை வந்து இத்தனை காலமாகியும் மானின் வாயில் தாள் இருக்கிறது. கரியரில் சாப்பாடு எடுத்த ஆறு நாளும் எங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒரு தாளேனும் வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை பன்னிரண்டு இருபதுக்குப் படலையில் மணி அடித்தது. சொன்ன நேரம் பன்னிரண்டரை. தபாற்காரனுக்கு நேரம் என்பது மூக்குக்கண்ணாடி மாதிரி. அதைக் கழற்றி வைத்துவிட்டு எதையும் பார்க்க எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் முந்தி வந்ததிலேயே பாதி மதிப்பெண்ணை மனத்துக்குள் போட்டுவிட்டேன். கரியரைத் திறந்தால், அடியில் உள்ள பெரிய அடுக்கில் சிவப்பு நாட்டரிசிச் சோறு. அதற்கு மேல் பாரைமீன் குழம்பு. மூன்றாவதில் ஒரு பக்கம் பருப்பு, மறுபக்கம் கத்தரிக்காய்ப் பால்கறி, இரண்டும் கலந்துவிடாதபடி நடுவில் வாழையிலைத் துண்டு. மேலடுக்கில் வல்லாரைச் சம்பலும் பொரித்த மோர்மிளகாயும். சொதி மட்டும் பழைய ஜாம் போத்தலில், பழந்துணி சுற்றி, தனியாக வந்தது. சொதியைக் கரியரில் ஊற்றினால் வழியில் சிந்தும் என்பதை அனுபவத்தில் கண்டு செய்த ஏற்பாடு போலும்.

குழம்பின் முதல் வாயிலேயே அது கடைத்தூள் அன்று என்பது தெரிந்துவிட்டது. செத்தல் மிளகாயையும் மல்லியையும் வீட்டில் வறுத்து இடித்த கறித்தூளுக்கு உள்ள கருமையும் மணமும் அதில் இருந்தன. பாரைத் துண்டு உடையாமல், புளி உள்ளே இறங்கும் வரை வெந்திருந்தது. கத்தரிக்காயைப் பொரிக்காமல் கப்பிப்பாலில் அவியவிட்டு, இறக்கும்போது மட்டும் முதற்பால் விட்டிருந்தார்கள் என்று மனைவி ருசி பார்த்துச் சொன்னார். அவர் அவ்வளவு விரைவில் இன்னொருவர் கறியைப் பாராட்டுபவர் அல்லர். ஆனால் இரண்டு குறைகள் உடனே தெரிந்தன. ஒன்று, சோறு. இருவருக்கும் ஒரு சுண்டு அரிசி போட்டாலே எங்கள் வீட்டில் மிஞ்சும். வந்ததோ ஏறக்குறைய இரண்டு சுண்டுச் சோறு. வயல் வேலைக்குப் போய்வந்தவருக்குப் போடும் அளவை, எழுபது வயதில் வாசிகசாலைக்குப் போய்வந்தவருக்கும் போட்டால் அது காகத்துக்குத்தான் போகும். இரண்டாவது, உப்பு.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் எங்களைப் போன்றவர்கள் இந்தச் சேவையை எடுப்பதா விடுவதா என்பதே அதில்தான் தங்கியிருக்கிறது. எனக்கு இரத்த அழுத்தம். மனைவிக்குச் சர்க்கரையும் சேர்த்து. ஒருவர் ஒரு நாளில் சேர்க்கும் மொத்த உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. குழம்பு, சம்பல், மோர்மிளகாய் மூன்றும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் அந்தத் தேக்கரண்டி மதியத்திலேயே நிரம்பிவிடும். 2025இல் நாடெங்கும் உப்புக்குத் தட்டுப்பாடு வந்து, கடையில் ஒரு பைக்கற்றுக்காக ஆட்கள் காத்திருந்தபோது, மருத்துவர் பல ஆண்டாகச் சொல்லியும் நடக்காதது தானாக நடக்கிறது என்று நாங்கள் பகிடி விட்டதுண்டு. தட்டுப்பாடு தீர்ந்ததும் பழைய கை திரும்பிவிட்டது.

திங்கள் மாலையே அழைத்துச் சொன்னேன். "ஐயா, பதினேழாம் நம்பருக்கு உப்புக் குறைச்சு, சோறு பாதி. எழுதி வச்சிட்டன்" என்று மறுமுனையில் பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்த கரியரில் சோறு பாதியாகவே இருந்தது. பருப்பில் உப்பே இல்லை. எங்களுக்கென்று தனியாக எடுத்து, உப்புப் போடுமுன் கரியரில் இட்டிருக்கிறார்கள். குழம்பைத் தனியாக வைக்க முடியாது என்பதை நாமும் விளங்கிக்கொள்ள வேண்டும். முப்பது வீட்டுக்கும் ஒரே சட்டி. ஆகவே அவர் செய்தது, குழம்பின் அளவைக் குறைத்து, உப்பில்லாத பருப்பையும் கீரையையும் கூட்டியது. சொன்னதைக் கேட்டு மறுநாளே மாற்றிக் காட்டும் இடங்கள் எங்கள் ஊரில் அதிகமில்லை என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

செவ்வாய்ச் சாப்பாட்டில் வேறொரு சிக்கல் எழுந்தது. மரக்கறிச் சாப்பாடு என்று வந்ததைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவி தொடாமல் இருந்தார். மச்சம் சமைத்த சட்டியையும் அகப்பையையும் இதற்கும் பாவித்தார்களா என்பது அவர் கேள்வி. எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அம்மா காலத்திலிருந்தே அப்படி. தொலைபேசியில் கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று சொல்லி, அன்று பின்னேரம் அவரே ஆட்டோ பிடித்து அந்த வீட்டுக்குப் போய்வந்தார். முன்னறிவிப்பு ஏதும் இல்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறைக்குள் திடீரென்று நுழைந்து பழகியவரை யாரால் தடுக்க முடியும்?

திரும்பி வந்து அவர் சொன்னது இது. மரக்கறி எல்லாம் உள்ளே, எரிவாயு அடுப்பில், அலுமினியச் சட்டிகளில். மீன் மட்டும் பின்விறாந்தையில் விறகடுப்பில், மண்சட்டிகளில். மச்ச அகப்பைகள் பின்சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கின்றன. அவை உள்ளே வருவதில்லை. மீன் வெட்டும் அருவாமனையும் கிணற்றடியிலேயே இருக்கிறது. குசினி நிலத்தில் தண்ணீர் தேங்கவில்லை. ஒரு குறை: கழுவிய கரியர்களை வெயிலில் கவிழ்த்து வைக்காமல், மழைக்குப் பயந்து ஈரத்தோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை அவரிடமே சொல்லிவிட்டும் வந்திருக்கிறார். அதற்கு அந்தப் பெண்மணி, "ரீச்சர், இந்த மழைக்கு எங்க வெயில் தேடுறது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனாலும் புதன் முதல் எங்கள் கரியரை நாங்களே துணியால் துடைத்து உலர்த்திக் கொடுத்தோம்.

புதன்கிழமைதான் இந்த வாரத்தில் கெட்ட நாள். அன்று மனைவிக்குக் கிளினிக். காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்து, பிறகு எடுத்துப்போன பாணைச் சாப்பிட்டு, இலக்கம் வரும் வரை இருந்து, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி, மருந்து வரிசையிலும் நின்று வீடு வரும்போது பன்னிரண்டைத் தாண்டிவிடும். இத்தகைய நாளுக்கென்றே சாப்பாட்டுச் சேவை வேண்டும் என்று நினைத்திருந்தோம். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வரும் என்ற நம்பிக்கையில், பன்னிரண்டு ஐந்துக்கு அவர் மதிய மாத்திரையைப் போட்டுவிட்டார். அது சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரை. போட்டபின் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. வெளியே மழை கொட்டியது. நான் அழைத்தால் மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. ஒன்றேகாலுக்கு அவர் நெற்றி வியர்த்தது. கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் நடுங்கின. சீனிப் போத்தலைத் தேடி எடுத்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ஒரு வாழைப்பழத்தையும் உரித்துக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். கரியர் வந்தது ஒன்று நாற்பதுக்கு.

மோட்டார் சைக்கிளின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதாம். அந்தத் தம்பி தலை முதல் கால் வரை நனைந்து நின்றார். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. கோபம் தொலைபேசியை எடுக்காததில். கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலத்தில், 2009க்கு முன், தபால் பைகளைப் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. பாதை பழுதானால் பை பிந்தும். அது தபாலதிபரின் குற்றம் அன்று. ஆனால் பிந்தும் என்று அக்கரைக்குச் சொல்லாமல் விட்டால் அது அவர் குற்றம். இதையே அந்தப் பெண்மணிக்கும் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளின் இலக்கங்களைச் சுவரில் எழுதி, அந்த வீடுகளுக்கு முதலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று மறுநாள் அறிந்தேன். எங்கள் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. வேறொருவர் கொண்டுவரும் சாப்பாட்டை நம்பி, அது கண்ணில் படுமுன் மாத்திரையைப் போடக் கூடாது. இப்போது கரியர் மேசைக்கு வந்தபிறகே மாத்திரை டப்பா திறக்கப்படுகிறது. இதை வாசிக்கும் எவரேனும் இத்தகைய சேவையை எடுப்பதாக இருந்தால், இந்த ஒன்றையாவது மறக்க வேண்டாம்.

வியாழன் பன்னிரண்டேகாலுக்கு வந்தது. சூடைமீன் பொரியல், பூசணிக்காய், முருங்கையிலை வறை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று எழுதத்தக்க விடயம் சாப்பாட்டில் இல்லை, காலையில் இருந்தது. ஒன்பது மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திங்கள் அலுமாரியை அடுக்கினார். வியாழன் மூன்று முறை எங்கள் குசினிக்குள் போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தார். நான் வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகைகளை வாசித்து, மரண அறிவித்தல்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்து, பழைய நண்பர்களோடு ஒரு பிளேன்ரீ குடித்து வந்தால் என் காலை முடிந்துவிடும். ஓய்வு பெற்ற நாள் முதல் அது எனக்கு எப்படி முடிந்தது என்று யோசித்தால், பதினொரு மணிக்கு வீட்டில் ஒருவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால்தான் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். காய்ச்சலால் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. மனைவி அவளைக் கூப்பிட்டு முன்விறாந்தையில் இருத்தி, இருபடிச் சமன்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். கரியர் வந்ததைக்கூட அன்று அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடு இந்த வாரத்தின் சிகரம். காலையில் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தோம். கோட்டை வாசலால் ஏறி, மான்களைத் தாண்டி, சுவாமிமலை உச்சிக்குப் போய் வருவது எங்கள் வயதில் ஒரு காலை வேலை. போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோயிலின் கற்கள் கடலுக்குள்ளும் கோட்டைச் சுவருக்குள்ளும் போயின என்பதை இங்கே ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு போவார். மழை விட்டு, கடல் கறுத்திருந்தது. முழங்கால் வலியோடு இறங்கி வீடு வந்தால், மணி பன்னிரண்டு பத்து; படலைக்கு முன்னால் அந்தத் தம்பி நிற்கிறார்.

வாழைப்பூ வறை, பயற்றங்காய்ப் பால்கறி, பருப்பு, கீரைக்கடையல், மிளகு ரசம், அப்பளம், ஒரு சிறு சட்டியில் தம்பலகாமத்து எருமைத் தயிர். வாழைப்பூவை ஆய்ந்து, ஒவ்வொரு பூவிலும் உள்ள நரம்பை எடுத்து, மோர்த் தண்ணீரில் போட்டு, கைப்பு எடுத்துச் சமைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். முப்பது வீட்டுக்கு அதைச் செய்திருக்கிறார்கள். வறை உதிரியாக இருந்தது. தேங்காய்ப்பூ அளவாக, மஞ்சள் அளவாக. கைப்பு முழுதும் போகாமல் நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் நின்றது, அப்படித்தான் நிற்கவும் வேண்டும். ரசத்தில் மிளகும் நற்சீரகமும் அப்போது தட்டிப் போட்ட மணம். தயிரை மனைவி தொடவில்லை. சர்க்கரைக்காக அன்று, மழைக்காலத்தில் தயிர் சளி என்பதற்காக. இரண்டு பேரின் பங்கையும் நான் சாப்பிட்டேன். 350 ரூபாய்க்கு இப்படி ஒரு மரக்கறிச் சாப்பாடு நகரின் எந்த மேசையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த மகிழ்ச்சியில் சனிக்கிழமை மீனை எதிர்பார்த்திருந்தால், வந்தது கருவாடு. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் கடல் அடங்கியிருக்கும். அந்தக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள்கூட இங்கே வாடி அமைத்துத் தொழில் செய்வார்கள், மீன் மலிவாகும். வாடைக்காற்று தொடங்கினால் படகுகள் கரையேறும், விலையும் ஏறும். அதனால் சனிக்கிழமை மீன் வாங்க முடியவில்லை என்பது விளங்குகிறது. கத்தரிக்காயோடு வைத்த அந்தக் கருவாட்டுக் குழம்பு சுவையில் குறைந்ததும் அன்று. சொல்லப்போனால் கூடுதலாகவே சாப்பிட்டேன். ஆனால் மீனுக்கென்று 450 ரூபாய் வாங்கிவிட்டுக் கருவாடு கொடுப்பதும், உப்பைக் குறைக்கக் கேட்ட வீட்டுக்கு உப்பிலேயே கிடந்ததைக் கொடுப்பதும் சரியில்லை. காலையிலேயே அழைத்து, இன்று மீன் இல்லை, மரக்கறி தரட்டுமா என்று கேட்டிருந்தால் போதும். இதைச் சொன்னபோது, இருவருக்கும் சேர்த்து 200 ரூபாயை அடுத்த வாரக் கணக்கில் கழிப்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எங்களுடையது. தேங்காயை நான் துருவினேன். சிரட்டையையும் சேர்த்துத் துருவிவிட்டேன் என்று பேச்சு வாங்கினேன். மனைவி இடது கையாலேயே தாளித்தார்.

இனிக் கணக்கு. எங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பியின்படி, இருவருக்கும் மதியச் சமையலுக்கு மட்டும் நாளொன்றுக்கு 650 ரூபாய் அளவில் முடிகிறது. அதில் எரிவாயுவும் அடங்கும். இந்தச் சேவையில் நாளுக்கு 833 ரூபாய். வாரத்துக்கு 1,100 ரூபாய் வித்தியாசம். 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறி, பிறகு அதுவும் கிடைக்காமல், முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்த நாட்களை நினைத்தால் 1,100 ரூபாய் பெரிய காசாகத் தெரியவில்லை. ஆனால் 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் ஓய்வூதியம் தேங்காயோடு சேர்ந்து ஏறவில்லை என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மகள் அனுப்பும் காசில் மாதக்கணக்காகச் சாப்பிட மனைவிக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

இந்தச் சேவையை நான் யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், தனித்து வாழ்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஒருவருக்கென்று நான்கு கறி சமைக்க யாருக்கும் மனம் வராது. பாணும் சம்பலுமாகவே பொழுது போய்விடும். கை, கால் முடியாதவர்களுக்கும் சொல்வேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும், முதல் நாளே அதைச் சொல்லி, வீட்டில் பிஸ்கட்டும் பழமும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். இருவராக இருந்து, ஒருவருக்காவது சமைக்கத் தெம்பு இருந்தால், முழுச் சாப்பாட்டையும் எடுக்கத் தேவையில்லை.

எங்கள் முடிவும் அதுவே. ஞாயிறு இரவு மனைவி தாமே தொலைபேசியில் பேசினார். வாரத்தில் மூன்று நாள். திங்கள், கிளினிக் இருக்கும் புதன், கோயிலுக்குப் போகும் வெள்ளி. சோறு வேண்டாம், கறி மட்டும். சோற்றை அரிசிக் குக்கரில் நான் போடுவேன். அதில் பானை தூக்க வேண்டியதில்லை, கஞ்சி வடிக்க வேண்டியதும் இல்லை. கறிக்கு மட்டும் ஒருவருக்கு மீனுடன் 390 ரூபாய், மரக்கறி 300 ரூபாய் என்று பேசி முடித்தார். கருவாடு என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். வாழைப்பூ வறை செய்யும் நாளில் எங்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைக்குமாறு நான் பக்கத்தில் நின்று சைகை காட்டினேன். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

திங்கள் காலை கழுவி உலர்த்திய கரியரை எடுத்து வைத்தபோது, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, வளவில் நின்ற மரத்திலிருந்து கறிவேப்பிலையை நெட்டுக்களோடு முறித்து மேலடுக்கில் வைத்தார். அந்தத் தம்பி அதை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கப் போனவர், தூக்கிப் பார்த்து, பாரம் குறைவாக இருக்கவே நின்று எண்ணினார்.

"ஐயா, மூண்டு அடுக்குத்தான் இருக்கு. சோத்து அடுக்கு எங்க?"

"அது இனி வராது, தம்பி. அடுப்பில இருக்கு."